மிகைச்சிதறல் உள்ள எண்ணிக்கைத் தரவுக்குக் கலப்பு மாடல் மென்பொருள்: எழுதுவது முதல் வெளியிடுவது வரை

வலிப்பு நோயாளிகள் 59 பேரை வைத்து நடந்த ஒரு மருந்துச் சோதனையின் தரவு, புள்ளியியல் படித்த பலருக்கும் பழக்கமானது. மருந்து தொடங்குவதற்கு முந்தைய எட்டு வாரங்களில் ஒவ்வொருவருக்கும் எத்தனை முறை வலிப்பு வந்தது என்று எண்ணினார்கள். அப்புறம் 31 பேருக்கு புரோகாபைடு, 28 பேருக்குப் போலி மருந்து. அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒரு கணக்கு என்று நான்கு முறை எண்ணினார்கள். தாலும் வெயிலும் 1990-இல் எழுதிய கட்டுரையால் இது பரவலானது. ஆர் மொழியின் மாஸ் பேக்கேஜில் 'எபில்' என்ற பெயரில் கிடைக்கிறது. ஒரு நோயாளிக்கு நான்கு வரிசை, மொத்தம் 236 வரிசை.

அதில் முதல் நோயாளியைப் பாருங்கள்: முன்பு 11, பிறகு 5, 3, 3, 3. 49-ஆம் நோயாளி: முன்பு 151, பிறகு 102, 65, 72, 63. இந்த இருவரையும், எண்ணிக்கைகளுக்கு வழக்கமாக எடுக்கும் ஒரே பாய்சான் பரவலில் அடைக்க முயன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாய்சானில் சராசரி எவ்வளவோ அவ்வளவுதான் வேரியன்ஸ் (சிதறலின் அளவு). நிஜத் தரவில் வேரியன்ஸ் அதைவிடப் பல மடங்கு எகிறி நிற்கும். இதைத்தான் மிகைச்சிதறல் என்கிறோம்.

இங்கே சிதறல் இரண்டு இடத்திலிருந்து வருகிறது, இதைப் பிரித்துப் பார்க்காமல் நிரல் (கோடு) எழுத உட்கார வேண்டாம். ஒன்று, ஆளுக்கு ஆள் வேறுபாடு: சிலருக்கு வலிப்பு எப்போதும் அதிகம், சிலருக்கு எப்போதும் குறைவு. இதை ரேண்டம் எஃபெக்ட் (ஆளுக்கு ஒன்றாக மாடலில் வைக்கும் சமவாய்ப்பு எண்) பார்த்துக்கொள்ளும்; அது உள்ளதுதான் கலப்பு மாடல். இன்னொன்று, ஒரே ஆளுக்குள் வாரத்துக்கு வாரம் வரும் ஏற்ற இறக்கம், அதுவும் பாய்சான் அனுமதிப்பதைவிட அதிகம். 102-க்கு அடுத்து 65 என்பது அந்த ரகம். இதற்கு, பாய்சானைவிட விரிந்து சிதற இடம் தரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவல் (நெகட்டிவ் பைனாமியல்) வேண்டும். முதலாவதை விட்டுவிட்டால் ஒரே ஆளின் நான்கு எண்களை நான்கு தனி ஆட்கள் போல எண்ணிவிடுவோம். இரண்டாவதை விட்டுவிட்டால் ஸ்டாண்டர்ட் எரர் (மதிப்பீட்டின் நிச்சயமின்மையின் அளவு) சிறுத்துப்போய், வேலை செய்யாத மருந்து வேலை செய்வதுபோலத் தெரியும். இரண்டையும் ஒன்றாகப் பொருத்தும் கட்டற்ற மென்பொருளை எப்படி எழுதுவது, எப்படிச் சோதிப்பது, எப்படி வெளியிடுவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

ஏற்கெனவே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாஸ் பேக்கேஜில் உள்ள பிகியூஎல் என்ற தோராய முறை பழையது, வேகமானது. ஆனால் அது உண்மையான லைக்லிஹுட்டை (கொடுத்த அளவுருக்களில் இந்தத் தரவு வர எவ்வளவு வாய்ப்பு என்ற அளவை) தருவதில்லை, அதனால் லைக்லிஹுட்டிலிருந்து கிடைக்கும் ஏஐசி என்ற எண்ணை வைத்து இரண்டு மாடலை ஒப்பிட முடியாது; எண்ணிக்கைகள் சிறியதாக இருந்தால் மதிப்பீடு சாய்ந்தும் போகும். கலப்பு மாடல்களுக்கான எல்எம்இ4 என்ற ஆர் பேக்கேஜில் எதிர்மறை ஈருறுப்புக்கு ஒரு வழி உண்டு, ஆனால் அது சிதறல் அளவுருவை வெளியே வைத்து, அதன் ஒவ்வொரு மதிப்புக்கும் முழு மாடலையும் திரும்பத் திரும்பப் பொருத்தித்தான் விடையைப் பிடிக்கிறது. பெரிய தரவில் இது இழுத்துக்கொண்டே போகும், சிதறல் அளவுருவில் உள்ள நிச்சயமின்மையும் மற்ற அளவுருக்களின் ஸ்டாண்டர்ட் எரருக்குள் வராது.

வேறு திசையிலிருந்து வந்தவர்கள் மீன்வள ஆய்வுக்காரர்கள். கனடாவின் டேவ் ஃபோர்னியே, மீன் இருப்பைக் கணக்கிடும் பெரிய பெரிய மாடல்களுக்காக ஏடி மாடல் பில்டரை உருவாக்கினார். டெரிவேட்டிவ்களைக் கையால் எழுதாமல் கணினியே துல்லியமாகக் கணக்கிடும் முறை (தானியங்கி வகையீடு) அதன் உயிர். நார்வேயின் ஹான்ஸ் ஸ்கௌக்கும் அவரும் 2006-இல், இதே முறையை வைத்து ரேண்டம் எஃபெக்ட் உள்ள எந்த மாடலுக்கும் லைக்லிஹுட்டைத் தோராயமாகக் கணக்கிடலாம் என்று காட்டினார்கள். அந்த எஞ்சினுக்கு ஆரில் ஒரு முகப்பாக வந்ததுதான் ஜிஎல்எம்எம்-ஏடிஎம்பி. எஞ்சின் முதலில் வணிகப் பொருளாக இருந்தது, 2000-களின் இறுதியில்தான் திறந்த மூலமானது. அடுத்து டென்மார்க்கின் காஸ்பர் கிறிஸ்டென்சனும் கூட்டாளிகளும் எழுதிய, அதே வழியில் போகும் எஞ்சினான டிஎம்பி, அதன்மேல் மோலி புரூக்ஸ், பென் போல்கர் உள்ளிட்டவர்கள் கட்டி 2017-இல் ஆர் ஜர்னலில் விவரித்த ஜிஎல்எம்எம்-டிஎம்பி. இன்று இந்த வேலைக்குப் பலரும் முதலில் எடுப்பது இதைத்தான்.

அப்படியிருக்க நீங்கள் ஏன் எழுத வேண்டும்? உங்களுக்கு வேண்டிய பரவலோ தொடர்பு அமைப்போ அதில் இல்லாமல் இருக்கலாம், ஜூலியாவிலோ பைத்தானிலோ வேண்டியிருக்கலாம், உங்கள் ஆய்வுக்கூடத்தின் தரவு பத்து லட்சம் வரிசையாக இருக்கலாம். எதுவானாலும் ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் மென்பொருள் தரும் எண்ணை, உங்களைத் தெரியாத ஒருவர், வேறொரு மென்பொருளில், அதே லைக்லிஹுட்டை வைத்துச் சரிபார்க்க முடிய வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் நான் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

படி 1: மாடலைத் தாளில் எழுதுங்கள்

எண்ணிக்கையை ஒய் என்றும் அதன் சராசரியை மியூ என்றும் சொல்வோம். மியூவின் லாக் = நிலையான விளைவுகளின் கூட்டல் + அந்த நோயாளிக்கு உரிய ரேண்டம் எஃபெக்ட். ரேண்டம் எஃபெக்ட் நார்மல் பரவல், சராசரி 0, திட்டவிலக்கம் சிக்மா. எண்ணிக்கை எதிர்மறை ஈருறுப்பு. அவ்வளவுதான்.

சிதறலை எப்படி எழுதுகிறீர்கள் என்பதை மட்டும் தெளிவாக முடிவு செய்யுங்கள். இரண்டு வழக்கம் உண்டு. வேரியன்ஸ் = மியூ + மியூ²/தீட்டா என்பது ஒன்று; சராசரி கூடக் கூட வேரியன்ஸ் வர்க்கமாகக் கூடும். வேரியன்ஸ் = மியூ × (1 + ஃபை) என்பது இன்னொன்று; நேர்விகிதமாகக் கூடும். பூச்சி எண்ணிக்கை, மீன்பிடி எண்ணிக்கை என்று தரவுக்குத் தரவு எது பொருந்தும் என்பது மாறும், அதனால் முடிந்தால் இரண்டையும் கொடுங்கள். சிலர் தீட்டாவையும் சிலர் அதன் தலைகீழையும் 'சிதறல்' என்கிறார்கள். பயனர் ஒரு மென்பொருளில் 0.4 என்றும் இன்னொன்றில் 2.5 என்றும் பார்த்துவிட்டு ஒன்று தவறு என்று நினைத்துக் குழம்புவது இதனால்தான். உதவிப் பக்கத்தின் முதல் பத்தியிலேயே சூத்திரத்தை எழுதி வையுங்கள்.

இந்தப் பரவல் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒவ்வொரு ஆளுக்கும் வேறு வேறு பாய்சான் வீதம், அந்த வீதங்கள் காமா பரவலில் சிதறியிருக்கின்றன என்றால் மொத்தத்தில் கிடைப்பது எதிர்மறை ஈருறுப்பு. கிரீன்வுட்டும் யூலும் 1920-இல் விபத்து எண்ணிக்கைகளை விளக்க இந்த வழியில்தான் போனார்கள். காமாவுக்குப் பதில் வரிசைக்கு ஒரு நார்மல் ரேண்டம் எஃபெக்ட் போட்டால் பாய்சான்-லாக்நார்மல் கிடைக்கும். அதையும் பலர் பயன்படுத்துகிறார்கள்.

பூஜ்ஜியங்கள் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சராசரி 10 உள்ள பாய்சானில் பூஜ்ஜியம் வரும் வாய்ப்பு 0.000045. அதே சராசரி, தீட்டா 1 உள்ள எதிர்மறை ஈருறுப்பில் அது 1/11, அதாவது 0.09-க்கு மேல். எனவே தரவில் பூஜ்ஜியம் நிறைய என்றதும் பூஜ்ஜியத்துக்குத் தனி மாடல் வேண்டும் என்று ஓடாதீர்கள். சாதாரணச் சிதறலே அவற்றை விளக்கிவிடக்கூடும். அந்த வசதியைப் பிறகு சேர்க்கலாம்.

படி 2: பொருத்தும் கோடுக்கு முன்னால் போலித் தரவு உருவாக்கும் கோடு

பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். நான் முதலில் செய்யச் சொல்கிறேன். உண்மையான அளவுருக்களைக் கொடுத்தால் தரவு உற்பத்தி செய்யும் ஒரு சின்ன ஃபங்ஷன்: 60 குழு, குழுவுக்கு 4 வரிசை, சிக்மா 0.5, தீட்டா 2 என்று எதையும் மாற்றிப் போடும்படி. இருபது வரிக்குள் முடியும். இதில் லைக்லிஹுட் சூத்திரத்தைத் தொடவே கூடாது. முதலில் நார்மல் எண், அப்புறம் காமா எண், அதை வீதமாக வைத்து பாய்சான் எண் என்று படிப்படியாக எடுங்கள். அப்போதுதான் அது உங்கள் பொருத்தும் கோடுக்குச் சுதந்திரமான சாட்சியாக இருக்கும். சூத்திரத்தில் தவறு இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே தவறைச் செய்யாது.

படி 3: பரவலின் லாக்கை எழுதும்போது

வேலையின் சூடு இங்கேதான். பாடப்புத்தகச் சூத்திரம் லாக்-காமா ஃபங்ஷன்களால் ஆனது: லாக்-காமா(ஒய் + தீட்டா) − லாக்-காமா(தீட்டா) − லாக்-காமா(ஒய் + 1) என்று தொடங்கி, தீட்டா × லாக்(தீட்டா/(தீட்டா + மியூ)) + ஒய் × லாக்(மியூ/(தீட்டா + மியூ)) என்று முடியும். இதை அப்படியே தட்டினால் பெரும்பாலும் ஓடும். எங்கே உடையும் என்றால், தரவில் மிகைச்சிதறல் உண்மையில் இல்லாதபோது. அப்போது ஆப்டிமைசர் (லைக்லிஹுட்டின் உச்சியைத் தேடும் நிரல்) தீட்டாவை முடிவிலியை நோக்கித் தள்ளும், ஏனென்றால் தீட்டா மிகப் பெரிதானால் எதிர்மறை ஈருறுப்பு பாய்சானாக மாறுகிறது.

தீட்டா 10¹⁰ ஆகிவிட்டது என்று வையுங்கள். அதன் லாக்-காமா சுமார் 2.2 × 10¹¹. இரட்டைத் துல்லிய எண்களில், அந்த அளவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியே சுமார் 0.00003. இப்படிப்பட்ட இரண்டு ராட்சத எண்களைக் கழித்து, அவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய ஒரு விடையை எடுக்கிறோம். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்தாம் தசம இடத்திலேயே இரைச்சல். ஆப்டிமைசரோ எட்டாம் இடம்வரை துல்லியம் கேட்கிறது. அது அங்குமிங்கும் தள்ளாடி, கடைசியில் 'குவியவில்லை' என்று கை விரிக்கும். பயனர் தன் தரவில்தான் கோளாறு என்று நினைப்பார்.

தீர்வு சிரமமில்லை. ஒய் முழு எண் என்பதால் அந்தக் கழித்தலை, லாக்(தீட்டா + 0) முதல் லாக்(தீட்டா + ஒய் − 1) வரை உள்ள கூட்டலாக எழுதலாம். ஒவ்வொரு உறுப்பிலும் லாக்(தீட்டா + மியூ)-வைக் கழித்துச் சேர்த்துவிட்டால் ராட்சத எண்களே வராது. தீட்டா × லாக்(தீட்டா/(தீட்டா + மியூ)) என்பதை −தீட்டா × லாக்(1 + மியூ/தீட்டா) என்று மாற்றி, சிறிய எண்ணுக்கென்றே உள்ள 'லாக்-ஒன்-பி' ஃபங்ஷனில் கணக்கிடுங்கள். தீட்டா வளர வளர இது அழகாக −மியூ ஆகும், மொத்தச் சூத்திரமும் பாய்சானில் போய் வழுக்கிக்கொண்டு சேரும். ஒய் ஆயிரக்கணக்கில் போனால் கூட்டல் நீளும், அப்போது தீட்டா மிதமாக உள்ள இடங்களில் பழைய வழிக்கே போகலாம். டிஎம்பி பயன்படுத்துகிறவர்களுக்கு மியூவின் லாக்கையும், வேரியன்ஸ் கழித்தல் மியூவின் லாக்கையும் நேரடியாக வாங்கிக்கொள்ளும் உறுதியான வடிவம் ஒன்று அதிலேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தானியங்கி வகையீட்டில் இன்னொரு பொறி. 'தீட்டா பெரிதாக இருந்தால் இந்த வழி, இல்லையென்றால் அந்த வழி' என்று சாதாரண இஃப் போட்டுவிடுவது இயல்பு. ஆனால் கணக்கை ஒருமுறை பதிவு செய்து திரும்ப ஓட்டும் கருவிகளில், பதிவு செய்த கணத்தில் எந்தக் கிளை ஓடியதோ அது மட்டும்தான் பதிவாகும். பிறகு தீட்டா மாறினாலும் பழைய கிளையே ஓடிக்கொண்டிருக்கும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. தரவை, அதாவது ஒய்-ஐ வைத்துக் கிளை பிரிக்கலாம், ஆபத்தில்லை. அளவுருவை வைத்துப் பிரித்தால், அந்தக் கருவி அதற்கென்று தரும் நிபந்தனை ஃபங்ஷனைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அளவுருக்களை எல்லை இல்லாத அளவுகோலில் வைத்துக்கொள்ளுங்கள்: தீட்டாவுக்கும் சிக்மாவுக்கும் லாக், பல ரேண்டம் எஃபெக்ட்களுக்கு இடையே தொடர்பு இருந்தால் கோலெஸ்கி காரணியின் (அணியைப் பிரித்து எடுக்கும் முக்கோண அணியின்) உறுப்புகள். ரேண்டம் எஃபெக்டையும் சிக்மா × யு என்று எழுதி, யு-வை வேரியன்ஸ் 1 உள்ள நார்மலாக வைப்பது சிக்மா சிறுக்கும்போது கணக்கைக் காப்பாற்றும்.

மாறிலிகளை விட்டுவிடாதீர்கள். லாக்-காமா(ஒய் + 1) அளவுருவைச் சார்ந்தது இல்லை என்பதால் அதை நீக்கினாலும் மதிப்பீடு மாறாது என்று பலர் தூக்கிவிடுகிறார்கள். மதிப்பீடு மாறாதுதான். ஆனால் லாக்-லைக்லிஹுட் வேறு மென்பொருளோடு ஒத்துப்போகாது, பாய்சானோடு ஏஐசி ஒப்பீடும் போச்சு.

படி 4: ரேண்டம் எஃபெக்டைத் தொகையிட்டு நீக்குவது

நமக்கு வேண்டியது ரேண்டம் எஃபெக்டின் எல்லா மதிப்புகளுக்கும் தொகையிட்ட லைக்லிஹுட். நார்மலும் எதிர்மறை ஈருறுப்பும் சேர்ந்தால் அந்தத் தொகைக்கு மூடிய சூத்திரம் கிடையாது. நடைமுறையில் நிற்பது லாப்லாஸ் தோராயம்.

செய்வது இதுதான். நிலையான அளவுருக்களை ஒரு மதிப்பில் பிடித்து வைத்து, தரவும் ரேண்டம் எஃபெக்டும் சேர்ந்த லாக்-அடர்த்தியை ரேண்டம் எஃபெக்டைப் பொறுத்து உச்சப்படுத்துங்கள். நியூட்டன் முறை சில சுற்றில் போய்ச் சேரும். உச்சியில் ஹெஸ்சியன், அதாவது எதிர்க்குறியிட்ட இரண்டாம் டெரிவேட்டிவ் அணி. உச்சியின் மதிப்பு, கூட்டல் (ரேண்டம் எஃபெக்ட்களின் எண்ணிக்கை/2) × லாக்(2பை), கழித்தல் ஹெஸ்சியனின் டிடெர்மினன்டின் லாக்கில் பாதி: இதுவே தோராய லாக்-லைக்லிஹுட். இதை வெளி ஆப்டிமைசர் அளவுருக்களைப் பொறுத்து உச்சப்படுத்தும். உள்ளே ஒரு ஆப்டிமைசர், வெளியே ஒரு ஆப்டிமைசர்.

வெளி ஆப்டிமைசருக்கு கிரேடியன்ட் (முதல் டெரிவேட்டிவ்கள்) வேண்டுமே? டிடெர்மினன்டிலேயே இரண்டாம் டெரிவேட்டிவ் இருக்கிறது, அதை இன்னொரு முறை வகையிட்டால் மூன்றாம் டெரிவேட்டிவ். போதாக்குறைக்கு, அளவுரு மாறினால் உள் உச்சியும் நகர்கிறது, அந்த நகர்வையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதைக் கையால் எழுதலாம், ஒரு பரவலுக்கு, ஒரு இணைப்புக்கு. அடுத்த பரவல் சேர்க்கும்போது மீண்டும் எல்லாம். 2006 கட்டுரையின் பலமே, இதை முழுவதும் தானியங்கி வகையீட்டிடம் விட்டுவிடலாம் என்று காட்டியதில்தான். டிஎம்பியில் நீங்கள் சி++ இல் கூட்டு லாக்-அடர்த்தியை ஒருமுறை எழுதி, எது ரேண்டம் என்று பெயர் சொன்னால் போதும். மீதி எல்லாம் அது செய்யும். இதற்காகவே, புதிதாகத் தொடங்குகிறவர்கள் எஞ்சினைத் தாங்களே எழுத வேண்டாம் என்பேன். இருக்கும் நல்ல எஞ்சின் மேல் கட்டுங்கள், உங்கள் நேரம் மாடலுக்கும் சோதனைக்கும் மிஞ்சும்.

எஞ்சினையே எழுதுகிறீர்கள் என்றால் ஹெஸ்சியனின் வெறுமையை (பெரும்பாலான இடங்கள் பூஜ்ஜியமாக இருப்பதை) பயன்படுத்தாமல் இருக்காதீர்கள். 59 நோயாளிக்கு 59 ரேண்டம் எஃபெக்ட்; ஒரு நோயாளியின் தரவில் இன்னொருவருடையது வராது, எனவே 59 × 59 அணியில் மூலைவிட்டம் தவிர எல்லாம் பூஜ்ஜியம். நோயாளி, மருத்துவமனை என்று அடுக்கினாலும் குறுக்கே வெட்டினாலும் பெரும்பகுதி பூஜ்ஜியம்தான். வெறுமை அணிக்கான கோலெஸ்கியை வைத்தால் ஆயிரக்கணக்கான குழுக்கள்கூட நொடிகளில் முடியும். முழு அணியாக வைத்தால் நினைவகமே தாங்காது.

லாப்லாஸ் எப்போது நம்பத்தகாதது என்பதையும் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். குழுவுக்கு ஒன்றிரண்டு வரிசை, எண்ணிக்கைகள் 0, 1 என்று சின்னது, சிக்மா பெரியது: இந்த மூன்றும் சேர்ந்தால் உச்சியைச் சுற்றிய வடிவம் நார்மலாக இராது, சிக்மா தவறிப்போகும். ஒற்றை ரேண்டம் எஃபெக்ட் மட்டும் உள்ள மாடலுக்கு, சில புள்ளிகளில் மதிப்பிட்டுக் கூட்டித் தொகையிடும் தகவமைத்த காஸ்-ஹெர்மைட் முறையையும் ஒரு விருப்பமாகக் கொடுங்கள். ஒரே ஒரு புள்ளி வைத்தால் அது லாப்லாஸேதான். 15, 25 என்று புள்ளிகளைக் கூட்டும்போது விடை நகர்கிறதா என்று பயனரே பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: வெளி ஆப்டிமைசர், தொடக்க மதிப்பு, ஸ்டாண்டர்ட் எரர்

நிலையான விளைவுகளுக்கு, ரேண்டம் எஃபெக்ட் இல்லாத பாய்சான் பொருத்தத்தின் விடைகளைத் தொடக்கமாகக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். லாக் அளவுகோலில் சிக்மாவுக்கும் தீட்டாவுக்கும் 0. குவாசி-நியூட்டன் ஆப்டிமைசர் எது கிடைத்தாலும் சரி.

முடிந்த பிறகு ஆப்டிமைசரின் 'வெற்றி' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். கிரேடியன்ட் பூஜ்ஜியத்துக்கு அருகில் இருக்கிறதா, வெளி ஹெஸ்சியனின் ஐகன் மதிப்புகள் எல்லாம் நேர் எண்களா என்று நீங்களே பாருங்கள். ஐகன் மதிப்பு ஒன்று பூஜ்ஜியத்தை ஒட்டியிருந்தால் அதன் ஐகன் வெக்டர் எந்த அளவுருவைக் காட்டுகிறது என்று பார்த்து, அதைச் செய்தியில் சொல்லுங்கள். 'ஹெஸ்சியன் நேர்நிறை அல்ல' என்று மட்டும் எழுதினால் சூழலியல் மாணவருக்கு என்ன புரியும்? 'நோயாளி அளவிலான திட்டவிலக்கம் பூஜ்ஜியத்தை நெருங்கிவிட்டது. இந்தத் தரவில் அந்த ரேண்டம் எஃபெக்டுக்கு ஆதாரம் இல்லாமல் இருக்கலாம்' என்றால் புரியும். 'தீட்டா மிகப் பெரிது; பாய்சானே போதும் என்று தெரிகிறது' என்றால் அவருக்கு அடுத்து என்ன செய்வது என்பதும் தெரியும்.

ஸ்டாண்டர்ட் எரர், வெளி ஹெஸ்சியனின் தலைகீழிலிருந்து. சிக்மாவுக்கும் தீட்டாவுக்கும் லாக் அளவுகோலில் இடைவெளி கணக்கிட்டுத் திருப்பிப் போடுங்கள், முடிந்தால் புரொஃபைல் லைக்லிஹுட்டும் கொடுங்கள். சிக்மா பூஜ்ஜியமா என்று சோதிக்கும்போது பூஜ்ஜியம் எல்லையில் கிடக்கிறது என்பதால் வழக்கமான கை-வர்க்க பி-மதிப்பு தேவைக்கு மேல் பெரிதாக வரும். ஒரே ஒரு வேரியன்ஸ் என்றால் அதைப் பாதியாக்குவதே சரி.

படி 6: சரிபார்த்தல்

இந்தப் படிக்கு மொத்த நேரத்தில் பாதியை ஒதுக்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

முதலில் கிரேடியன்ட்: தானியங்கி வகையீடு தந்ததையும், அளவுருவைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்திக் கழித்து வகுத்ததையும் ஒப்பிடுங்கள். உச்சியில் வைத்து ஒப்பிடாதீர்கள், அங்கே இரண்டுமே பூஜ்ஜியம். ஏதோ ஒரு மூலையில், தீட்டா பெரிதாகவும் சிறிதாகவும் உள்ள இடங்களில் ஒப்பிடுங்கள்.

பிறகு எல்லை நிலைகள். ரேண்டம் எஃபெக்டை எடுத்துவிட்டால் உங்கள் லாக்-லைக்லிஹுட், மாஸ் பேக்கேஜின் எதிர்மறை ஈருறுப்புப் பொருத்தத்தோடு ஆறேழு தசம இடம் ஒத்துப்போக வேண்டும். ரேண்டம் எஃபெக்டை வைத்துக்கொண்டு, தீட்டாவை மிகப் பெரிய எண்ணில் நிறுத்திவிட்டால் எல்எம்இ4-இன் பாய்சான் கலப்பு மாடலோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டையும் வைத்தால் ஜிஎல்எம்எம்-டிஎம்பியோடு. மதிப்பீடுகள் ஒத்துப்போய் லாக்-லைக்லிஹுட் மட்டும் ஒரு மாறாத அளவு தள்ளி நின்றால் மாறிலி எங்கேயோ விடுபட்டிருக்கிறது. லாக்-லைக்லிஹுட்டும் சிக்மாவின் மதிப்பீடும் சேர்ந்தே ஒத்துப்போகாவிட்டால் டிடெர்மினன்ட் பக்கமும் தேடுங்கள்.

எபில் தரவில் 49-ஆம் நோயாளியோடு ஒருமுறை, நீக்கிவிட்டு ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பாய்சானுக்கும் எதிர்மறை ஈருறுப்புக்கும் மருந்தின் விளைவு எவ்வளவு அசைகிறது என்று பார்த்தாலே இந்த மென்பொருள் எதற்கு என்று விளங்கும். இன்னொரு நல்ல சோதனைத் தரவு, சுவிட்சர்லாந்தின் கூகைக் குஞ்சுகள் தீனிக்குக் கத்தும் எண்ணிக்கை: 27 கூடுகள், 599 பதிவுகள், பூஜ்ஜியங்கள் ஏராளம். அதில் குஞ்சுகளின் எண்ணிக்கையின் லாக்கை ஆஃப்செட்டாக (கெழுவை மதிப்பிடாமல் 1 என்றே வைத்த உறுப்பாக) வைக்க வேண்டியிருப்பதால், உங்கள் ஆஃப்செட் கோடும் சேர்ந்து சோதனையாகிவிடும்.

கடைசியாக, படி 2-இல் எழுதிய போலித் தரவு. பல நூறு தரவுத் தொகுப்பு உண்டாக்கி, பொருத்தி, 95 சதவீத இடைவெளி உண்மையான மதிப்பை ஏறக்குறைய 95 சதவீத முறை பிடிக்கிறதா என்று பாருங்கள். குழுக்கள் குறைந்தால் சிக்மா கீழே சாயும். அது உங்கள் பக் இல்லை, அதிகபட்ச லைக்லிஹுட்டின் இயல்பு. குழுக்களைக் கூட்டும்போது சாய்வு மறைந்தால் நிம்மதி, மறையாவிட்டால் திரும்பப் போய்த் தேடுங்கள். இந்தச் சோதனைகளில் வேகமானவற்றை, கோடு மாறும் ஒவ்வொரு முறையும் தானாக ஓடும்படி பேக்கேஜுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

படி 7: பயனரின் கையில் கொடுப்பது

ஆர் என்றால் எல்எம்இ4 பழக்கிவிட்ட ஃபார்முலா முறையையே ஏற்றுக்கொள்ளுங்கள். புது இலக்கணம் கண்டுபிடிக்க வேண்டாம். ஆஃப்செட் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் எண்ணிக்கைத் தரவில் எண்ணிய கால அளவோ பரப்போ வரிசைக்கு வரிசை மாறுவது சாதாரணம். எபிலிலேயே பாருங்கள், முன்கணக்கு எட்டு வாரம், பின்கணக்கு இரண்டு வாரம். ஒய்-இல் தசம எண் வந்தால் நிறுத்திக் கேளுங்கள். யாரோ சராசரியை எண்ணிக்கை என்று கொடுத்திருப்பார்கள்.

கணிப்பு ஃபங்ஷனில் ஒரு நுட்பம் உண்டு. ரேண்டம் எஃபெக்டைப் பூஜ்ஜியமாக வைத்துக் கணித்தால் கிடைப்பது நடுத்தர நோயாளியின் எண்ணிக்கை, மொத்த மக்களின் சராசரி அல்ல. சராசரி வேண்டுமென்றால் சிக்மா²/2-இன் அடுக்கேற்றத்தால் பெருக்க வேண்டும். சிக்மா 1 என்றால் அது 1.65 மடங்கு, லேசான வித்தியாசம் இல்லை. இரண்டையும் கொடுங்கள், எது எது என்று தெளிவாகப் பெயர் வையுங்கள்.

பொருத்திய மாடலிலிருந்து புதுத் தரவு உண்டாக்கும் வசதியும் அவசியம். எண்ணிக்கைத் தரவின் எச்சங்களைச் சாதாரணப் படத்தில் பார்த்து எதுவும் புரியாது. மாடல் உண்டாக்கும் தரவோடு நிஜத் தரவை ஒப்பிடும் டார்மா போன்ற பேக்கேஜ்கள் இந்த ஒரு வசதியை நம்பியே ஓடுகின்றன.

படி 8: உரிமமும் வெளியீடும்

ஆர் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் உள்ளது, டிஎம்பியும் அப்படியே. அவற்றின்மேல் கட்டுகிறீர்கள் என்றால் ஜிபிஎல்-உடன் ஒத்துப்போகும் உரிமமே சிக்கலில்லாத வழி. முதல் நாளே உரிமக் கோப்பைப் போட்டுவிடுங்கள். பத்துப் பேர் கோடு பங்களித்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. முகப்பு மட்டும் கட்டற்றது, கணக்குப் போடும் எஞ்சின் மூடிய பைனரி என்ற ஏற்பாட்டுக்குப் போகாதீர்கள். மேலே சொன்ன தொகையீட்டையோ லாக்-காமா கழித்தலின் துல்லியத்தையோ யாரும் எட்டிப் பார்க்க முடியாவிட்டால் விடையை எதை வைத்து நம்புவது? நடைமுறைச் சிக்கலும் உண்டு: தயார் பைனரிகளைச் சுமந்து வந்த ஜிஎல்எம்எம்-ஏடிஎம்பி ஆர்-ஃபோர்ஜ் தளத்தில்தான் இருந்தது. மூலக்கோடிலிருந்தே தொகுக்கக்கூடிய ஜிஎல்எம்எம்-டிஎம்பியை ஆர் பேக்கேஜ்களின் மையக் கிடங்கான கிரானிலிருந்து ஒரே கட்டளையில் நிறுவ முடிகிறது.

கிரானுக்கு அனுப்பும் முன் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தானியங்கிச் சோதனை ஓடட்டும். சி++ கோடில் ஒரு இயங்குதளத்தில் பதுங்கும் நினைவகப் பிழை இன்னொன்றில் வெளியே வரும். உதாரணங்கள் சில நொடிகளில் முடிய வேண்டும், பெரிய உதாரணங்களை விக்னெட்டுக்கு (பேக்கேஜோடு வரும் நீண்ட விளக்கக் கட்டுரைக்கு) நகர்த்துங்கள். எஞ்சின் பேக்கேஜ் புதுப் பதிப்பு வந்தபின் உங்களுடையதை மறுபடி தொகுக்காமல் ஓட்டினால் பதிப்பு ஒவ்வாமை எச்சரிக்கை வரும். ஜிஎல்எம்எம்-டிஎம்பி பயனர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த எச்சரிக்கையை மறைக்காதீர்கள், மறுபடி நிறுவும் கட்டளையை அதிலேயே எழுதிவிடுங்கள்.

வெளியிட்ட பிறகு வரும் புகார்களில் பெரும்பாலானவை 'குவியவில்லை' என்ற ரகமாகத்தான் இருக்கும். தரவின் சிறு பகுதியும் ஓட்டிய கட்டளையும் கேளுங்கள். தரவு ரகசியம் என்றால் அதே அமைப்பில் போலித் தரவு உண்டாக்கி அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் பேக்கேஜிலேயே அந்த வசதி இருக்கிறதே. தீர்த்த ஒவ்வொரு புகாரையும் ஒரு சோதனையாக மாற்றிச் சேருங்கள். லைக்லிஹுட்டைத் தொடும் திருத்தம் எதுவானாலும், எந்தப் பதிப்பில், எந்த மாடலுக்கு, எந்தத் திசையில் எண் மாறும் என்று மாற்றக் குறிப்பில் முதல் வரியாக எழுதுங்கள். யாரோ ஒருவர் மூன்று வருடம் முன்பு உங்கள் பேக்கேஜின் எண்ணை வைத்து மருந்தைப் பற்றியோ மீன்பிடி அளவைப் பற்றியோ எழுதியிருப்பார், அவர் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த வரியை வைத்துத்தான் முடிவு செய்வார்.